ஸ்டார்கேட் யுனிவர்ஸ்: முதல் ஆறு எபிசோடுகளும் ஒரு மூட்டை சுண்ணாம்பும்

2009 அக்டோபர் 2 அன்று அமெரிக்காவின் சைஃபை சானலில் தொடங்கிய 'ஸ்டார்கேட் யுனிவர்ஸ்' அறிவியல் புனைவுத் தொடரில், அக்டோபர் 30 வரை ஆறு எபிசோடுகள் வந்துவிட்டன. 'ஏர்' மூன்று பாகம், 'டார்க்னெஸ்', 'லைட்', 'வாட்டர்'. காற்று, இருட்டு, வெளிச்சம், தண்ணீர். பெயர்களை வரிசையாகப் படித்தாலே தொடர் எதைப் பற்றியது என்று புரிந்துவிடும். முந்தைய இரண்டு தொடர்களிலும் வாரம் ஒரு வில்லன் வருவான். இதில் வாரம் ஒரு தட்டுப்பாடு வருகிறது. இந்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஏன் என்று கொஞ்சம் கணக்குப் போட்டே சொல்கிறேன். கதையின் முக்கியத் திருப்பங்கள் கீழே வரும், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

புதிதாகப் பார்ப்பவர்கள் பழைய 314 எபிசோடுகளையும் (எஸ்ஜி-1 தொடரில் 214, அட்லாண்டிஸில் 100) பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும் என்றில்லை. மூன்று விஷயம் போதும். ஒன்று, ஸ்டார்கேட் என்பது இரண்டு கிரகங்களுக்கு இடையே புழுத்துளை, அதாவது விண்வெளிக் குறுக்குவழி, திறக்கும் வளையம். அதில் முகவரியை 'டயல்' செய்ய வேண்டும். நம் விண்மீன் மண்டலத்துக்குள் போக ஏழு குறியீடு, வேறு மண்டலத்துக்கு எட்டு. ஒன்பதாவது எதற்கு என்று இதுவரை யாருக்கும் தெரியாது. இரண்டு, இதைக் கட்டியவர்கள் 'ஏன்ஷியன்ட்ஸ்' என்ற பழைய இனத்தார், இப்போது இல்லை. மூன்று, இந்த விவரமெல்லாம் அமெரிக்க விமானப்படையின் ரகசியம், பொதுமக்களுக்குத் தெரியாது. இவ்வளவுதான்.

அந்த ஒன்பதாவது குறியீட்டில்தான் புதுத் தொடர் நிற்கிறது. இக்காரஸ் என்ற ஆராய்ச்சித் தளம் தாக்கப்படுகிறது. பூமிக்கு டயல் செய்து எல்லோரையும் தப்ப வைத்திருக்கலாம். டாக்டர் ரஷ் (ராபர்ட் கார்லைல்) பூமிக்கு டயல் செய்தால் வெடிப்பு அங்கேயும் பாயும் என்று சொல்லி, ஒன்பது குறியீடு முகவரியைப் போட்டுவிடுகிறார். சுமார் 80 பேர் பல நூறு கோடி ஒளியாண்டு தள்ளி, லட்சக்கணக்கான ஆண்டுகளாக ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் 'டெஸ்டினி' கப்பலில் மூட்டை முடிச்சோடு வந்து விழுகிறார்கள். விழுவது என்றால் நிஜமாகவே விழுவது. வளையத்திலிருந்து ஒருவர் மேல் ஒருவராக, பெட்டியோடும் ரத்தத்தோடும் எறியப்படுகிறார்கள். பழைய தொடர்களில் நிதானமாக நடந்து வெளியே வருவார்கள். இந்த ஒரு காட்சியிலேயே விதி மாறிவிட்டது என்று தெரிகிறது.

வளையமும் மாறியிருக்கிறது. எஸ்ஜி-1 வளையத்தில் உள்வட்டம் மட்டும் சுற்றும். இது முழு வளையமாகச் சுழல்கிறது, முடிந்ததும் ஆவி கக்குகிறது. பழைய மாடல் என்று வசனம் இல்லாமலே காட்டிவிடுகிறார்கள். இது எட்டும் தூரமும் குறைவு: கப்பல் நிற்கும் இடத்துக்கு அருகிலுள்ள கிரகங்களுக்குத்தான் போக முடியும். கப்பலைத் திருப்பவோ நிறுத்தவோ யாருக்கும் தெரியவில்லை. அது தானாக நிற்கிறது, கெடு வைக்கிறது, கெடு முடிந்தால் போய்விடுகிறது. எழுத்தாளர்கள் பிராட் ரைட்டும் ராபர்ட் கூப்பரும் போட்ட இந்த ஒரு விதிதான் ஒவ்வொரு எபிசோடையும் இழுத்துக்கொண்டு போகிறது.

இனி காற்று.

கப்பலுக்குள் நுழைந்ததும் இரண்டு சிக்கல்: காற்று வெளியே கசிகிறது, உள்ளே இருக்கும் காற்று கெட்டுப்போகிறது. பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். கசிவு என்பது ஓட்டை. ஒரு சதுர சென்டிமீட்டர் ஓட்டை வெற்றிடத்தை நோக்கித் திறந்திருந்தால், நம் வளிமண்டல அழுத்தத்தில் நொடிக்கு 15 முதல் 20 லிட்டர் காற்று போகும். அதாவது ஒரு மணி நேரத்துக்கு 50 கன மீட்டருக்கு மேல், ஒரு நல்ல அறை அளவு. கட்டைவிரல் நகமளவு துளைக்கே இந்தக் கதி. அடிபட்ட விண்கலம் ஒன்று கப்பலோடு ஒட்டிக்கொண்டு கசிந்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த விண்கலத்தின் கதவுக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் அசையாமல் இருக்க முடியவில்லை. கதவை மூடினால் கசிவு நிற்கும். மூடும் பொத்தானோ உள்ளே இருக்கிறது. கீனோ என்ற பறக்கும் கேமரா உள்ளே போய்ப் படம் காட்டும், ஆனால் அதற்குக் கை கிடையாது. ஆக ஒருவர் உள்ளே போய் அழுத்த வேண்டும், அழுத்தியவர் திரும்பி வர முடியாது. யாரை இழக்கலாம் என்று ஆட்களின் பட்டியலைப் பார்க்கும் நிலை வருகிறது. அந்த விவாதம் முடிவதற்குள், ஏற்கெனவே உள்காயத்தோடு துடித்துக்கொண்டிருந்த செனட்டர் ஆர்ம்ஸ்ட்ராங் எழுந்து உள்ளே போய்விடுகிறார். மகள் குளோயி வெளியே நிற்கிறாள். பழைய தொடராக இருந்தால் கடைசி நிமிடத்தில் எஸ்ஜி-1 குழுவின் விஞ்ஞானி சமந்தா கார்ட்டர் ஒரு வயரை மாற்றிச் சொருகி எல்லோரையும் காப்பாற்றியிருப்பார். இங்கே அது கிடையாது என்பதை முதல் வாரத்திலேயே உறுதியாகச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்தது கெட்டுப்போகும் காற்று. இதில்தான் 'ஏர்' மூன்றாம் பாகத்தின் சுண்ணாம்பு வருகிறது. மூடிய இடத்தில் மனிதன் ஆக்சிஜன் தீர்ந்து சாவதில்லை. அதற்கு வெகு முன்பே தான் வெளிவிட்ட கரியமில வாயுவால் சாய்ந்துவிடுவான். சாதாரணக் காற்றில் அது சுமார் 0.04 சதவீதம்தான். 3 சதவீதம் ஆனால் மூச்சு வேகமாகும், தலைவலி வரும். 5 சதவீதத்தில் தலைசுற்றல், மூச்சுத்திணறல். 10 சதவீதத்தில் நினைவு தப்பும். ஒருவர் ஒரு நாளில் வெளிவிடுவது சுமார் ஒரு கிலோ. 80 பேருக்கு 80 கிலோ, அதாவது 40 கன மீட்டருக்குச் சற்று மேல். கப்பலில் அவர்கள் அடைபட்டுள்ள பகுதி 20 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் 2,000 கன மீட்டர். ஒரு நாளில் 2 சதவீதத்தைத் தாண்டிவிடும். இரண்டாம் நாள் முடிவதற்குள் 4. தொடரில் ஆட்கள் சோர்ந்து, எரிச்சல்பட்டு, சுவரில் சாய்ந்து உட்காரும் வேகம் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

வாயுவை உறிஞ்சும் வடிப்பான்களில் உள்ள பொருள் காலாவதியாகிவிட்டது, அதற்குச் சுண்ணாம்பு வேண்டும் என்கிறார் ரஷ். கப்பல் தானாக ஒரு பாலைவனக் கிரகத்துக்கு டயல் செய்து, கெடுவையும் வைக்கிறது. சிறு குழு ஒன்று போய்த் தேடுகிறது. இந்த இடத்தில் இணையத்தில் பெரிய சண்டை நடந்தது: சுண்ணாம்பு கரியமில வாயுவை உறிஞ்சுமா, உறிஞ்சாதா?

தமிழில் கேட்டால் இன்னும் குழப்பம், ஏனென்றால் நாம் மூன்று பொருளையும் சுண்ணாம்பு என்றே சொல்கிறோம். மலையில் வெட்டுவது சுண்ணாம்புக்கல். அதைக் காளவாயில் போட்டு வேகவைத்தால் சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் ஊற்றிக் கொதித்து அடங்கினால் நீர்த்த சுண்ணாம்பு, வெற்றிலைக்குத் தடவுவது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் சுண்ணாம்பு நீருக்குள் ஊதினால் பால்போல் வெளுக்குமே, அது நீர்த்த சுண்ணாம்பு கரியமில வாயுவை உறிஞ்சி மறுபடி கல்லாக மாறுவதுதான். ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து இயந்திரத்தில் இருக்கும் வெள்ளைக் குருணையும் இந்த வேலையைத்தான் செய்கிறது. உறிஞ்சும் திறன் தீர்ந்ததும் அது ஊதா நிறமாகும், உடனே மாற்ற வேண்டும்.

ஆக, கிரகத்தில் அப்படியே கிடைக்கும் சுண்ணாம்புக்கல் எதையும் உறிஞ்சாது. அது ஏற்கெனவே வயிறு நிறைந்த சுண்ணாம்பு. குறை சொல்பவர்கள் இதுவரை சொல்வது சரி. ஆனால் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கல்லைச் சுமார் 900 டிகிரிக்குச் சூடாக்கினால் உள்ளிருக்கும் வாயுவை விட்டுவிட்டுச் சுட்ட சுண்ணாம்பாகும். 100 கிலோ கல் 56 கிலோவாகக் குறையும், போன 44 கிலோவும் கரியமில வாயு. அதை விண்வெளிக்குள் விட்டுவிட்டு, சுண்ணாம்பை நீர்த்து மறுபடி உறிஞ்ச வைக்கலாம், மறுபடி சுடலாம். வடிப்பானுக்குள் ஒரு சின்னக் காளவாய் இருந்தால் போதும்.

இப்படிச் சுழற்சியில் ஓடினால்தான் கதையும் நிற்கிறது. ஏனென்றால் ஒருமுறை உபயோகித்து எறியும் முறையில், ஒரு கிலோ வாயுவுக்கு 1.7 கிலோ நீர்த்த சுண்ணாம்பு வேண்டும். 80 பேருக்கு ஒரு நாளைக்கு 135 கிலோ. தேடப்போன குழுவின் லெஃப்டினன்ட் ஸ்காட் முதுகில் சுமந்து வந்தது ஒரு நாளைக்குக்கூடப் பற்றாது. சுழற்சி முறையில் மணிக்கு ஒரு சுற்று என்று வைத்தால், ஒரு மணி நேர வாயு 3.3 கிலோ, அதற்கு 4.2 கிலோ சுட்ட சுண்ணாம்பு, அதாவது ஏழரை கிலோ கல். திரும்பத் திரும்பச் சுட்டால் சுண்ணாம்பின் நுண்துளைகள் அடைபட்டு உறிஞ்சும் திறன் ஐந்தில் ஒரு பங்காகக்கூடக் குறையும். அதையும் சேர்த்தால் 38 கிலோ. ஒரு மூட்டை! சுடுவதற்குத் தேவையான சக்தி சுமார் 4 கிலோவாட், வெப்ப இழப்பைக் கூட்டினால் இருமடங்கு. விண்மீனுக்கு விண்மீன் பறக்கும் கப்பலுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. தொடர் இந்த விளக்கத்தைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு நிமிட வசனம்தான், சண்டையே வந்திருக்காது.

இன்னொரு கேள்வியும் வருகிறது. அந்தப் பாலைவனத்தைப் படமாக்கியது நியூ மெக்ஸிகோவின் வெண்மணல் திட்டுகளில். கண்ணுக்கு எட்டிய வரை தூய வெள்ளை, அபாரமான காட்சி. ஆனால் அந்த மணல் முழுக்க ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். அதில் சூரியக் கதிர்பட்டு மின்னுவதைப் பார்த்து, இவ்வளவு வெள்ளையாகக் காலடியில் கிடக்கும்போது ஏன் தேடுகிறார்கள் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பதில் எளிது: ஜிப்சத்தைக் கொண்டுபோய் வடிப்பானில் கொட்டினால் ஒன்றும் நடக்காது. ஒரு சொட்டு அமிலம் விட்டால் சுண்ணாம்புக்கல் நுரைக்கும், ஜிப்சம் நுரைக்காது. படப்பிடிப்பு நடந்த இடத்தில் அவர்கள் தோற்றுத் தோற்று நடப்பது வேதியியல்படியும் பொருத்தமே.

நிஜ விண்வெளி வரலாற்றில் இதற்கு இணை 1970 ஏப்ரலில் நிலவுக்குப் போகும் வழியில் பழுதான அப்போலோ 13. மூன்று பேர், கரியமில வாயுவை உறிஞ்சும் லித்தியம் ஹைட்ராக்சைடு டப்பாக்கள், சதுர டப்பா வட்ட ஓட்டைக்குப் பொருந்தாது. பிளாஸ்டிக் உறை, அட்டை, குழாய், ஒட்டும் நாடா வைத்துப் பொருத்தினார்கள். அந்தக் கதையில் இருக்கும் கையால் செய்யும் வேலையின் பரபரப்பு 'ஏர்' எபிசோடில் இன்னும் கொஞ்சம் வேண்டும். சுண்ணாம்பு வந்தது, வடிப்பான் ஓடியது என்று வெட்டிவிட்டார்கள். யார் எப்படி நிரப்பினார்கள், முதல் சுற்றில் என்ன தவறியது என்று இரண்டு நிமிடம் காட்டியிருக்கலாம். கெடு முடியும் கணத்தில் கப்பலில் மாட்டிக்கொண்ட இளைஞன் ஈலை (டேவிட் ப்ளூ) வளையத்துக்குள் தெரியும் நீர்போன்ற பரப்பில் கையை விட்டுப் புழுத்துளை மூடாமல் பிடித்துவைப்பது மட்டும் சரியான கைவேலை. ஏதோ ஒன்று பாதி கடந்திருக்கும்போது வளையம் மூடாது என்ற பழைய விதியை நினைவில் வைத்து எழுதியிருக்கிறார்கள்.

'டார்க்னெஸ்', 'லைட்' இரண்டையும் ஒரே மூச்சில் பாருங்கள், ஒரு வார இடைவெளி அவற்றைக் கெடுக்கிறது. மின்சக்தி தீர்ந்து கப்பல் இருண்டுவிடுகிறது. பெரிய வாயுக் கோள் ஒன்றின் மேல்காற்றை உரசி வேகத்தைக் குறைத்து, திசை திரும்பி, நேராக நட்சத்திரத்தை நோக்கிப் போகிறது. காற்றை உரசி வேகம் குறைப்பது கற்பனை இல்லை. நாசாவின் மார்ஸ் ரிக்கனைசன்ஸ் ஆர்பிட்டர் 2006இல் மாதக்கணக்கில் செவ்வாயின் மேல்காற்றை மெல்ல உரசி, 35 மணி நேரச் சுற்றை 2 மணி நேரமாகச் சுருக்கியது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம்தான். கூடுதலாக உள்ளே போனால் எரியும், குறைந்தால் வேலை ஆகாது. டெஸ்டினி ஒரே பாய்ச்சலில் செய்வது மிகை. அந்த அளவு வேகத்தை ஒரேயடியாகக் குறைத்தால் உள்ளே நிற்பவர்கள் சுவரோடு சுவராக நசுங்க வேண்டும். செயற்கை ஈர்ப்பு வைத்திருக்கும் கப்பல் அதையும் ஈடுகட்டும் என்று ஏற்றுக்கொண்டேன்.

நட்சத்திரத்தில் விழப்போகிறோம் என்று தெரிந்ததும் கர்னல் யங் (லூயிஸ் ஃபெரேரா) செய்வதுதான் இந்தத் தொடரின் இதுவரையிலான சிறந்த பகுதி. விண்கலத்தில் 17 பேருக்குத்தான் இடம். ஸ்காட்டையும், மருத்துவம் தெரிந்த டிஜேவையும் அவரே தேர்ந்தெடுக்கிறார். மீதி 15 இடத்துக்குச் சீட்டுக் குலுக்கல். தன் பெயரை அதில் சேர்க்கவில்லை. யார் அழுவார்கள், யார் பெயர் வந்தும் தயங்குவார்கள், யார் மூலையில் உட்கார்ந்து புத்தகம் படிப்பார்கள் என்று அவசரமில்லாமல் காட்டுகிறார்கள். துப்பாக்கிச் சத்தமே தேவைப்படவில்லை. கடைசியில் கப்பல் அழியவில்லை. அது நட்சத்திரத்துக்குள் நுழைந்து தன் பேட்டரியை நிரப்பிக்கொள்ளத்தான் வந்திருக்கிறது, லட்சக்கணக்கான ஆண்டுகளாக அப்படித்தான் ஓடியிருக்கிறது. விண்கலம்தான் இப்போது தவறான இடத்தில் இருக்கிறது, கோளின் ஈர்ப்பைச் சுண்டுகவணாக்கித் திரும்பி ஓடிவந்து ஒட்ட வேண்டும். தப்பியவர்களே ஆபத்தில், தங்கியவர்கள் பத்திரமாக. அழகான கட்டமைப்பு. ரஷ்ஷுக்கு இது முன்பே தெரியுமா என்ற சந்தேகத்தை விடையில்லாமல் விட்டதும் நன்று. கார்லைல் அந்த முகத்தில் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை.

'வாட்டர்' அந்த அளவுக்கு இல்லை. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு 3 லிட்டர் என்றால் 80 பேருக்கு நாளொன்றுக்கு 240 லிட்டர். தொட்டியில் தண்ணீர் காணாமல் போகிறது. பாலைவனக் கிரகத்திலிருந்து கூடவே வந்த பொடிப்பூச்சிக் கூட்டம் குடித்திருக்கிறது. மூன்றாம் எபிசோடில் பாலைவனத்தில் தோன்றிய மணல் சுழல் இந்தக் கூட்டம்தான், அது ஆறாம் எபிசோடில் வந்து கணக்குக் கேட்பது எனக்குப் பிடித்தது. ஒருமுறை நடந்தது மறக்கப்படுவதில்லை. பனிக்கிரகத்தில் யங்கும் ஸ்காட்டும் கட்டி கட்டியாக வெட்டி இழுத்து வரும் பகுதி வழக்கமான பள்ளத்தில்-விழுந்த-கால் கதையாகிவிடுகிறது. கழிவுநீரைச் சுத்திகரிப்பது பற்றியும் பேசியிருக்க வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2009 மே மாதம்தான் சிறுநீரிலிருந்து மீட்ட தண்ணீரைக் குடிக்கத் தொடங்கினார்கள். ஏன்ஷியன்ட்ஸ் அதைக்கூடவா செய்யாமல் விட்டிருப்பார்கள்?

பிடிக்காதவை. தொடர்புக் கற்கள். கல்லைத் தொட்டால் பூமியில் இருக்கும் ஒருவரோடு உடல் மாறும், நினைத்தபோது வீட்டுக்குப் போய் மனைவியைப் பார்க்கலாம். பல நூறு கோடி ஒளியாண்டு தூரம் என்ற பயத்தை இது பாதியாக்கிவிடுகிறது. கெடு, தட்டுப்பாடு, தனிமை என்று மூன்று காலில் நிற்கும் கதைக்கு ஒரு காலை எழுத்தாளர்களே வெட்டுகிறார்கள். உடலைக் கடன் கொடுத்தவரின் சம்மதம் எதுவரை என்ற கேள்வியையும் இன்னும் எவரும் கேட்கவில்லை. அதை விரைவில் கேட்காவிட்டால் தொடருக்கே கெட்ட பெயர். இன்னொன்று, கையில் பிடித்த கேமராவின் ஆட்டம். 2009 மார்ச்சில் முடிந்த 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' என்ற விண்வெளித் தொடரின் பாணி என்று தெரிகிறது ('வாட்டர்' என்ற பெயரில் அதிலும் ஒரு எபிசோட் உண்டு). இருட்டுக் காட்சிகளில் டிவியின் வெளிச்சத்தைக் கூட்டி வையுங்கள், இல்லாவிட்டால் நான்காம் எபிசோடில் பாதி தெரியாது.

பழைய ரசிகர்கள் சிரிப்பு இல்லை என்று கோபப்படுகிறார்கள். சிரிப்பு இருக்கிறது, ஈலையிடம் இருக்கிறது. ஆனால் எஸ்ஜி-1 தொடரின் நாயகன் ஓ'நீல்போல ஆபத்தின் நடுவில் வாய்வீச்சு இல்லை. அது போனதில் எனக்கு வருத்தம் உண்டு. போனதற்குக் காரணமும் புரிகிறது: மூச்சுத் திணறுகிற ஆள் நகைச்சுவை சொல்ல மாட்டான்.

காற்று, சக்தி, தண்ணீர் முடிந்தது. சோற்றுக் கணக்கை இன்னும் யாரும் முழுதாகக் கையில் எடுக்கவில்லை. உலர்ந்த உணவாகவே வைத்தாலும் ஆளுக்கு நாளொன்றுக்கு 600 கிராம், 80 பேருக்கு 48 கிலோ, மாதத்துக்கு ஒன்றரை டன்னுக்குச் சற்றுக் குறைவு. இக்காரஸிலிருந்து அவசரத்தில் அள்ளி எறிந்த பெட்டிகளில் அவ்வளவு இருக்க வழியில்லை. வளர்த்துத்தான் ஆக வேண்டும். மூடிய இடத்தில் ஒருவருக்கு முழு உணவும் விளைய 40 சதுர மீட்டராவது வேண்டும், எல்லோருக்கும் சேர்த்து முக்கால் ஏக்கருக்கு மேல். அந்தச் செடிகள் கரியமில வாயுவையும் தின்னும், வடிப்பானுக்கும் ஓய்வு கிடைக்கும். டெஸ்டினியில் இன்னும் திறக்காத கதவுகள் நிறைய இருக்கின்றன. அடுத்த எபிசோடுகளில் அவற்றில் ஏதாவது ஒன்றின் பின்னால் மண்தொட்டியும் விளக்கும் தெரிகிறதா என்றுதான் முதலில் பார்க்கப்போகிறேன்.